தோஹா சுற்றை முடிக்கச் சொல்லும் அரசுகள்: நம் மலைத் தேயிலைக்கும் மிளகுக்கும் அதில் என்ன இருக்கிறது?

மஞ்சூர் சாலை (இழையைத் தொடங்கியவர்)

பசுந்தேயிலை விலை விழும்போதெல்லாம் இந்தக் குழுவில் இரண்டு குரல் கேட்கிறது. உலக வர்த்தக அமைப்புதான் நம்மை அழித்தது என்பது ஒன்று. அங்கே பேச்சுவார்த்தை முடிந்தால் நமக்கும் நியாயம் கிடைக்கும் என்பது இன்னொன்று. இரண்டையும் கொஞ்சம் பொறுமையாகப் பேசிப் பார்க்கலாம் என்றுதான் தனி இழை.

தோஹா சுற்று என்ற அந்த உலக வர்த்தகப் பேச்சுவார்த்தை 2001 நவம்பரில் தொடங்கியது. 2006 ஜூலையில் நின்றது. அந்த நவம்பரில் ஹனோயில் கூடிய ஆசிய பசிபிக் நாடுகளின் தலைவர்கள், பேச்சை உடனே தொடங்குங்கள் என்று தனி அறிக்கையே கொடுத்தார்கள். மறுபடி தொடங்கியது. 2008 ஜூலையில் ஜெனீவாவில் உடைந்தது. அந்த ஆண்டு நவம்பர் 15 அன்று வாஷிங்டனில் ஜி20 நாடுகள், வருட முடிவுக்குள் அடிப்படை உடன்பாடு எட்ட முயல்வோம் என்றன. அதற்கடுத்த வாரம் லிமாவில் ஆசிய பசிபிக் தலைவர்களும் அதையே சொன்னார்கள். டிசம்பர் 12 அன்று உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநர் பாஸ்கல் லாமி, அமைச்சர்கள் கூட்டத்தைக் கூட்டப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். மூன்று வாரம்கூட ஆகவில்லை.

இத்தனை அரசுகள் ஒன்றாக ஆதரவு தெரிவித்தும் ஏன் நடக்கவில்லை? எனக்குத் தெரிந்த பதில் இது. முடிக்க வேண்டும் என்று சொல்வதில் எல்லோரும் ஒன்று. எதை வைத்து முடிப்பது என்பதில் யாரும் ஒன்றில்லை. அந்த ஜூலையில் உடைந்த இடமே நம்மைப் போன்ற சிறு விவசாயிகளைப் பற்றிய இடம்தான். இறக்குமதி திடீரென்று பெருகினால் ஏழை நாடு தன் வரியை உயர்த்திக்கொள்ளும் சிறப்புப் பாதுகாப்பு ஏற்பாடு. வழக்கமான அளவைவிட 40 சதவீதம் அதிகம் வந்த பிறகுதான், பழைய உச்ச வரம்பையும் தாண்டி வரியை ஏற்றலாம் என்றது மேசையில் இருந்த திட்டம். 40 சதவீதம் வந்து இறங்கும் வரை விவசாயி உயிரோடு இருக்க மாட்டான், 10 அல்லது 15 சதவீதத்திலேயே அந்த உரிமை வேண்டும் என்று நின்றது இந்தியா. வர்த்தக அமைச்சர் கமல்நாத். அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலை 29 அன்று எல்லாம் முடிந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சுற்று பாதுகாப்பு ஏற்பாட்டோடு முடிய வேண்டும், அதற்கு நம் மாநில அரசு வெளிப்படையாகக் குரல் கொடுக்க வேண்டும். சுற்று முடியாததால் நாம் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் 2009ஐ மறந்துவிட்டார்கள். அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் மற்றவர்கள் சொல்லுங்கள்.

ஏலப் புத்தகம்

அக்கா, நான் குன்னூரில் தேயிலை ஏலத் தொழிலில் இருக்கிறேன். வாராவாரம் விலை ஏறி இறங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன். ஜெனீவாவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம்.

இந்தியாவில் வருடத்துக்கு ஏறக்குறைய 130 கோடி கிலோ தேயிலை விளைகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கை நாமே குடித்துவிடுகிறோம். வெளியிலிருந்து வருவது சில கோடி கிலோதான். அதிலும் ஒரு பகுதி கலந்து மறு ஏற்றுமதிக்குப் போகிறது. இந்த அளவு இறக்குமதி ஒட்டுமொத்த விலையையும் கீழே தள்ளுகிறது என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். விலை விழ உள்ளூரிலேயே போதுமான காரணம் இருக்கிறது. அசாமிலும் வங்கத்திலும் சிறு தோட்டங்கள் பெருகின. நம் ஊரில் மழை நன்றாக இருக்கும் மாதங்களில் கரடு இலையையும் சேர்த்து அறுத்துப் போடுகிறார்கள். ஃபேக்டரி அதையும் வாங்கி அரைக்கிறது. அந்தத் தூள் ஏலத்துக்கு வந்தால் வாங்குபவர் கை தூக்குவதில்லை, பாதி லாட் விற்காமல் திரும்புகிறது. இதற்கும் தோஹாவுக்கும் என்ன சம்பந்தம்?

ரஷ்யச் சந்தை போனதுதான் நமக்கு விழுந்த பெரிய அடி. சோவியத் ஒன்றியம் 1991ல் கலைந்ததும் நம் சிடிசி வகைத் தேயிலைத் தூளை மொத்தமாக வாங்கிய கை நின்றுபோனது. அதற்கும் எந்த ஒப்பந்தமும் காரணம் இல்லை.

கூடலூர் கொடிமிளகு

ஏலப் புத்தகம் அண்ணன் சொல்வது தேயிலைக்குப் பொருந்தலாம். மிளகுக்குப் பொருந்தாது. இங்கே கூடலூர், பந்தலூர் பக்கம் காப்பியோடும் பாக்கோடும் மிளகு ஏற்றியிருக்கிறோம். வியட்நாம் மிளகு நேராக வந்தால் ஒரு வரி, இலங்கை வழியாக இலங்கைச் சரக்கு என்ற சான்றிதழோடு வந்தால் வேறு வரி. அப்படிச் சுற்றி வருகிறது என்று விவசாயிகள் கத்திக் கத்தித்தான் 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. அந்த விலைக்குக் கீழே யாரும் மிளகு கொண்டுவரக் கூடாது என்று. அந்த உத்தரவு வந்த வாரம் எங்கள் ஊர் மலஞ்சரக்குக் கடைகளில் வேறு பேச்சே இல்லை.

ஆக, இறக்குமதியின் அளவு சிறியதாக இருந்தாலும் விலையைத் தீர்மானிப்பது அதுதான். கொச்சியில் ஒரு வியாபாரி, வெளிச்சரக்கு இந்த விலைக்குக் கிடைக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இங்கே நாங்கள் மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது.

மஞ்சூர் சாலை

இதைத்தான் சொல்ல வந்தேன். நன்றி கூடலூர்.

2009க்கு வருகிறேன். தோஹா நின்றுபோன மறு வருடம் ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் இந்தியாவும் ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளும் சரக்கு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதில் தேயிலை, காப்பி, மிளகு, பாமாயில் இவற்றைச் சிறப்புப் பொருள் என்று தனியாக வைத்தார்கள். சிறப்பு என்றதும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தேயிலைக்கும் காப்பிக்கும் 100 சதவீத வரி படிப்படியாக 45க்கு இறங்கியது. மிளகு 70லிருந்து 50. கெடு 2019 டிசம்பர் 31. அதுவும் முடிந்து போய்விட்டது.

அதற்கும் முன்னால் இலங்கை. 1998 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம், 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வருடத்துக்கு 1.5 கோடி கிலோ வரை இலங்கைத் தேயிலை 7.5 சதவீத வரியில் வரலாம். நேபாளத் தேயிலைக்கு வரியே கிடையாது.

எனவே, பெரிய மேசையில் கமல்நாத் எதற்காகக் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தாரோ, அதை அடுத்த வருடமே சின்ன மேசையில் கொடுத்துவிட்டோம். ஜெனீவாவில் நமக்குத் துணையாக இந்தோனேசியா தலைமையில் ஜி33 என்று ஒரு கூட்டமே இருந்தது. எல்லாம் சிறு விவசாயிகள் நிறைந்த நாடுகள். பாங்காக்கில் யார் துணை? அதே இந்தோனேசியா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பாமாயிலுக்கு வரி குறைக்கக் கேட்டது. பலதரப்புப் பேச்சு முடிய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கூட்டம் சேர்ந்து பேரம் பேச முடிவது அங்கே மட்டும்தான்.

பழைய கோப்பு

மத்திய அரசின் வர்த்தகப் பிரிவு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். பொதுவில் கிடைக்கும் ஆவணங்களை வைத்தே எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். மறு பாதியில் ஆபத்து இருக்கிறது. அதை எண்ணாகவே காட்டுகிறேன்.

உலக வர்த்தக அமைப்பில் ஒவ்வொரு நாடும், இதற்கு மேல் வரி போட மாட்டேன் என்று ஒரு உச்ச வரம்பை எழுதிக் கொடுத்திருக்கிறது. தேயிலைக்கு இந்தியா எழுதிக் கொடுத்தது 150 சதவீதம். நாம் உண்மையில் போடுவது 100. இடையில் 50 இருக்கிறது. இந்த இடைவெளியின் அருமை 2001ல் தெரிந்தது. அமெரிக்கா தொடுத்த வழக்கில் தோற்ற பிறகு, இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளை இந்தியா விலக்கியது. 714 பொருள்களுக்கு 2000 ஏப்ரல் 1 அன்றும், மீதி 715க்கு 2001 ஏப்ரல் 1 அன்றும். நீலகிரியில் ஏற்கெனவே விலை விழுந்து ஊருக்கு ஊர் போராட்டம் நடந்த காலம் அது. அப்போது நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா தேயிலை, காப்பி வரியை முதலில் 35லிருந்து 70 ஆக்கினார். மறு வருடம் 100 ஆக்கினார். உச்ச வரம்பு உயரத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

இப்போது தோஹா சுற்றின் 2008 வரைவுக்கு வாருங்கள். 130 சதவீதத்துக்கு மேல் உச்ச வரம்பு உள்ள பொருளுக்கு வளர்ந்த நாடு 70 சதவீதம் வெட்ட வேண்டும். வளரும் நாடு அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 46.7 சதவீதம். 150ல் அதை வெட்டினால் 80. நாம் இன்று போடும் 100ஐயே குறைக்க வேண்டிவரும்! தேயிலையை அந்த வரைவின் சிறப்புப் பொருள் பட்டியலில் சேர்த்தால் தப்பிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் மொத்தப் பொருள் வரிசைகளில் 12 சதவீதத்துக்குத்தான் இடம். அதிலும் வெட்டே வேண்டாம் என்பது 5 சதவீதத்துக்கு மட்டும். நெல், கோதுமை, பால், எண்ணெய் வித்து, பருப்பு எல்லாம் அந்த வாசலில்தான் நிற்கும். நீலகிரித் தேயிலைக்காக யார் அந்த அறையில் பேசுவார்கள்?

பேரம் பேசிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். சுற்றை முடியுங்கள் என்று நிபந்தனை இல்லாமல் ஆதரிக்கிற அரசு, தன் கையில் இருப்பதை முதலிலேயே மேசையில் வைத்துவிடுகிறது.

கேத்தி பள்ளத்தாக்கு

ஐயா சொன்ன கடைசிக் கேள்விதான் எனக்கும். யார் பேசுவார்கள்?

நான் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு போடுகிறவன். உருளைக்கு 1961லேயே தங்க நூற்புழு வந்துவிட்டது என்று கண்டுபிடித்து, நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று தடை வைத்தார்கள். நோய் பரவக் கூடாது, சரி. ஆனால் ஒரு மாவட்டத்தின் விதை வியாபாரமே அதோடு போனது. அந்த முடிவு எடுத்த இடத்தில் எங்கள் ஆள் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். டெல்லியிலேயே இந்த நிலை என்றால் ஜெனீவாவில் எப்படி?

அமெரிக்கா தன் விவசாயிக்குக் கொடுக்கும் மானியத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதையும் யாராவது எழுதுங்கள்.

பழைய கோப்பு

கேத்தி தம்பிக்கு. 2008 ஜூலையில் அமெரிக்கா, வர்த்தகத்தைச் சிதைக்கும் தன் மானியத்துக்கு 1,450 கோடி டாலர் உச்ச வரம்பு வைத்துக்கொள்ளத் தயார் என்றது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விளைபொருள் விலை உயர்ந்திருந்த அந்தக் காலத்தில் அவர்கள் உண்மையில் செலவழித்தது ஏறக்குறைய அதில் பாதிதான். நம் வரியில் இருக்கும் இடைவெளியை மூடச் சொன்னவர்கள் தங்கள் மானியத்தில் அதைவிடப் பெரிய இடைவெளியைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோஹாவுக்கு முந்தைய உருகுவே சுற்றில் அளவுக் கட்டுப்பாட்டை வரியாக மாற்றிக்கொண்ட நாடுகளுக்கு ஒரு பாதுகாப்பு விதி தரப்பட்டது. இறக்குமதி பெருகினாலோ விலை விழுந்தாலோ கூடுதல் வரி போடலாம். அமெரிக்காவிடம் அது இருக்கிறது, ஐரோப்பாவிடம் இருக்கிறது, ஜப்பானிடம் இருக்கிறது. இந்தியாவிடம் இல்லை. 2008ல் நாம் கேட்டது அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததைப் போன்ற ஒன்றைத்தான்.

மஞ்சூர் சாலை

ஐயா, இந்தக் கடைசிப் பத்தி போதும், என் வாதத்தை நீங்களே எடுத்துச் சொன்னது போல இருக்கிறது. அவர்களிடம் இருப்பது நமக்கு இல்லை. அதைப் பெற ஒரே வழி அந்தச் சுற்று. சுற்று இப்படியே கிடந்தால் அவர்கள் பாதுகாப்பு அவர்களோடு இருக்கும், நமக்கு ஒன்றும் வராது.

80 சதவீதக் கணக்கு உண்மை, அதனால் எனக்கும் பயம் உண்டு. ஆனால் அந்த 150 யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். வியட்நாமுக்கும் இந்தோனேசியாவுக்கும் 45 என்று ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இலங்கைக்கு ஒதுக்கீட்டுக்குள் 7.5. நேபாளத்துக்குப் பூஜ்யம். மிச்சம் இருக்கும் பெரிய கருந்தேயிலை ஏற்றுமதி நாடு கென்யா. அந்த ஒரு பக்கத்துக்குத்தான் உயரமான சுவர் நிற்கிறது. மற்ற பக்கமெல்லாம் வாசல்.

சட்டம் படிக்கும் ஊட்டிக்காரன்

அக்கா மாநில அரசு பேச வேண்டும் என்கிறார், ஐயா யார் பேசுவார்கள் என்று கேட்கிறார். சட்டப்படி அதற்கு எவ்வளவு இடம் என்று சொல்கிறேன்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14ஆவது இனம். வெளிநாட்டு ஒப்பந்தம் செய்வதும் நிறைவேற்றுவதும் ஒன்றியப் பட்டியலில் 14ஆவது இனம். இரண்டும் மோதினால் பிரிவு 253 இருக்கிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்ற நாடாளுமன்றம் எந்தப் பொருளிலும் சட்டம் இயற்றலாம், மாநிலப் பட்டியலில் இருந்தாலும் சரி. போதாக்குறைக்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட நாடாளுமன்ற ஒப்புதலே தேவையில்லை, மத்திய அமைச்சரவை முடிவு போதும். மத்திய மாநில உறவு பற்றிய பூஞ்சி ஆணையம் 2010 அறிக்கையில், மாநிலப் பட்டியல் விஷயங்களைத் தொடும் ஒப்பந்தங்களில் மாநிலங்களையும் ஈடுபடுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

மற்ற நாடுகளில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு கனடா பேசியபோது கனடாவின் மாகாண அரசுகள் பேச்சுவார்த்தையிலேயே பங்கெடுத்தன. மறுபக்கம் அதே ஒப்பந்தத்தை 2016 அக்டோபரில் பெல்ஜியத்தின் ஒரு பிராந்தியமான வலோனியா நிறுத்தி வைத்தது. அங்குள்ள மக்கள்தொகை 40 லட்சம்கூட இல்லை. அதன் முதல்வர் பால் மக்னெட் பிராந்தியச் சட்டமன்றத்தில் எழுந்து, இப்படியே ஏற்க மாட்டோம் என்றார். விவசாயம், முதலீட்டாளர் வழக்குத் தீர்ப்பாயம் பற்றிய விளக்கங்களை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார்கள். பெல்ஜியச் சட்டம் அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. நம் சட்டம் கொடுக்கவில்லை. ஆனால் பேசுவதற்கு அதிகாரம் தேவையில்லையே.

பூம்பாறை

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து எழுதுகிறேன். தேயிலைப் பேச்சாக இருப்பதால் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

எங்களுக்குப் பூண்டுதான் எல்லாம். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறோம். வடுகபட்டி மண்டிக்குப் போய் நிற்கும்போது முதலில் கேட்கும் கேள்வி சீனப் பூண்டு வந்திருக்கிறதா என்பதுதான். பூஞ்சை நோய் காரணமாகச் சீனப் பூண்டுக்கு இந்தியாவில் பல வருடமாகத் தடை. ஆனாலும் கடத்தலில் வருகிறது, அடிக்கடி பிடிபடுகிறது. நான் கேட்பது இதுதான்: சுற்று முடிந்தால் இந்தத் தடை போய்விடுமா?

பழைய கோப்பு

போகாது. தாவர நோய்க்கான தடை வேறு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது, 1995லிருந்தே நடைமுறையில் இருக்கிறது. அறிவியல் காரணம் காட்ட முடிகிற வரை வைத்துக்கொள்ளலாம். காரணம் காட்ட முடியாமல் போனால் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். ஆகவே பூச்சியியல், நோயியல் ஆய்வு தொடர்ந்து நடக்க வேண்டும். அதற்கு மாநில வேளாண் பல்கலைக்கழகம் போதும், ஜெனீவா வேண்டாம்.

ஆனால் நோய்த்தடையை வரிச்சுவருக்குப் பதிலாக நம்ப வேண்டாம். அது நாளைக்கே விலகினால் உங்கள் பூண்டுக்கு மிச்சம் இருப்பது வரி ஒன்றுதான்.

ஏலப் புத்தகம்

நான் எதிர்க்கட்சி போல ஆகிவிட்டேன், பரவாயில்லை.

அக்கா, இந்தச் சுற்று உயிரோடு இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். 2015 டிசம்பரில் நைரோபியில் அமைச்சர்கள் வெளியிட்ட அறிக்கையிலேயே, தோஹா ஆணையைத் தொடர்வதில் உறுப்பு நாடுகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்று எழுதிவிட்டார்கள். 2017ல் பியூனஸ் அயர்ஸில் கூட்டு அறிக்கையே வரவில்லை. 2024ல் அபுதாபியிலும் விவசாயத்தில் ஒன்றும் இல்லை. 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பு புது வழக்கைக் கேட்கப் போதுமான நீதிபதிகள் இல்லாமல் கிடக்கிறது. அமெரிக்கா நியமனத்தைத் தடுத்துவிட்டது. நமக்குச் சாதகமாக ஒரு விதியை எழுதி வாங்கினாலும் மீறுகிறவனைக் கடைசிவரை இழுக்க இடமில்லை.

இதை வைத்து ஒரு தலைமுறை விவசாயிக்கு நம்பிக்கை கொடுக்கக் கூடாது. பசுந்தேயிலை விலை கேட்டு 2023ல் ஊர் ஊராக உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்டது தேயிலைச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி விலை நிர்ணயம் செய்யுங்கள் என்றுதான். அது இந்தியச் சட்டம், 1953ல் போட்டது. டெல்லி நினைத்தால் நாளைக்கே செய்யலாம்.

மஞ்சூர் சாலை

அந்தப் பந்தலில் நானும் உட்கார்ந்தேன், ஏலப் புத்தகம். 30ஆவது பிரிவை நான் விடச் சொல்லவில்லை. ஆனால் உள்நாட்டில் கிலோவுக்கு ஒரு விலை வைத்துவிட்டு, எல்லையில் அதைவிட மலிவான தூள் வரும்படி கதவைத் திறந்து வைத்தால் அந்த விலை எத்தனை நாள் நிற்கும்? ஃபேக்டரிக்காரர் கட்டுப்படியாகவில்லை என்று இலையை வாங்க மறுப்பார். உள்ளூர் விலையையும் எல்லை வரியையும் பிரித்துப் பேச முடியாது.

சுற்று செத்துவிட்டது என்ற பேச்சுக்கு வருகிறேன். நைரோபியிலேயே விவசாய ஏற்றுமதி மானியத்தை ஒழிக்க ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பு, 2005ல், ஹாங்காங்கில் போட்ட விதை அது. மீன்பிடி மானியமும் தோஹா ஆணையில் இருந்ததுதான். 2022 ஜூனில் ஒப்பந்தமாகி, 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கே வந்துவிட்டது. ஆக, துண்டு துண்டாக முடிகிறது. நைரோபியிலேயே இன்னொரு முடிவும் இருக்கிறது. சிறப்புப் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு வளரும் நாடுகளுக்கு உரிமை உண்டு, அதற்காகத் தனிப் பேச்சு தொடரும் என்று. அந்தத் துண்டை முடிக்கச் சொல்லித்தான் நான் கேட்கிறேன்.

ரேஷன் அரிசியையும் மறக்க வேண்டாம். கூடலூர் பக்கம் கொஞ்சம் வயல் இருப்பதைத் தவிர நம் மலையில் நெல் ஏது? 2011 ஜூனிலிருந்து அட்டைக்கு 20 கிலோ அரிசி இலவசம். கொழுந்து விலை பாதியாக விழுந்த மாதங்களிலும் அடுப்பு எரிந்தது அதனால்தான். அந்த அரிசியைக் கொள்முதல் செய்யக் கொடுக்கும் ஆதரவு விலை வரம்பை மீறிய மானியமா என்பதும் அங்கேதான் சர்ச்சை. 1986 முதல் 88 வரை இருந்த விலையை அடிப்படையாக வைத்து இன்றைய மானியத்தைக் கணக்கிடுகிறார்கள்! 2013ல் பாலியில் தற்காலிகமாக வழக்கு வேண்டாம் என்று சமாதான ஏற்பாடு வந்தது. நிரந்தரத் தீர்வு இன்னும் பாக்கி. பேச்சு முடியாமல் இருப்பதால் நமக்கு நஷ்டமில்லை என்று சொல்கிறவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

கூடலூர் கொடிமிளகு

கேரளாவைப் பார்த்தாவது நாம் கற்றுக்கொள்ள வேண்டும். ஆசியான் ஒப்பந்தம் வந்தபோது 2009 அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி. முதலமைச்சராக இருந்த அச்சுதானந்தனும் நின்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் என் சொந்தக்காரர்கள் எல்லோரும் போனார்கள். ஒப்பந்தம் நிற்கவில்லைதான். ஆனால் ஒரு மாநில அரசு தன் மிளகுக்காகவும் தேயிலைக்காகவும் ரோட்டில் நின்றது என்று டெல்லிக்குத் தெரிந்தது. இந்தப் பக்கம் நமக்கும் அதே மிளகு, அதே தேயிலை. நாம் ஒரு கூட்டம்கூடப் போடவில்லை.

பழைய கோப்பு

கூடலூர்க்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், உடனே செய்யக் கூடியது. ஆசியான் ஒப்பந்தத்தின் மறு ஆய்வுப் பேச்சு 2023லிருந்து நடந்து வருகிறது. தோஹாவைப் போலத் தூங்கும் மேசை இல்லை இது. தேயிலைக்கும் மிளகுக்கும் மேலும் குறைக்கக் கூடாது, எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்று விதியை இறுக்க வேண்டும் என்று மாநில அரசு எழுத்தில் கொடுத்தால் அது கோப்பில் ஏறும். கோப்பில் இல்லாததை எந்த அதிகாரியும் மேசையில் பேச மாட்டார். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

மஞ்சூர் சாலை

இவ்வளவு பேசியதை வைத்து முதலமைச்சருக்கும் வேளாண் துறைக்கும் ஒரு மனு எழுதியிருக்கிறேன். முழு வரைவு கோப்பாக இணைத்திருக்கிறேன், சாரம் இங்கே:

பலதரப்பு வர்த்தகப் பேச்சு முடிய வேண்டும் என்பதைத் தமிழ்நாடு அரசு ஆதரிக்க வேண்டும், ஆனால் சிறப்புப் பாதுகாப்பு ஏற்பாடும் பொது விநியோக அரிசிக்கான நிரந்தரத் தீர்வும் சேர்ந்தால் மட்டுமே. சிறப்புப் பொருள் பட்டியல் எப்போது எழுதப்பட்டாலும் தேயிலை, மிளகு, பூண்டு மூன்றும் வெட்டு இல்லாத பிரிவில் இருக்க வேண்டும் என்று மாநிலம் இப்போதே தன் பட்டியலை மத்திய வர்த்தக அமைச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆசியான் மறு ஆய்வில் ஐயா சொன்ன இரண்டும். இனி எந்த ஒப்பந்தம் பேசினாலும் கையெழுத்துக்கு முன் சட்டமன்றத்தில் ஒரு நாள் விவாதம்.

திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

சட்டம் படிக்கும் ஊட்டிக்காரன்

அக்கா, நான்காவது பத்தியில் 253ஐ ரத்து செய்யக் கோருவது போல ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடலாம். அரசியலமைப்புத் திருத்தம் கேட்டால் மனு அந்த இடத்திலேயே ஓரமாக வைக்கப்படும். பூஞ்சி ஆணையப் பரிந்துரையை நிறைவேற்றக் கோரினால் போதும், அது மத்திய அரசே அமைத்த ஆணையம்.

ஏலப் புத்தகம்

கையெழுத்துப் போடுகிறேன், ஒரு நிபந்தனையோடு. தரமான கொழுந்துக்குக் கூடுதல் விலை, ஏல விலையை ஃபேக்டரியும் விவசாயியும் பிரித்துக்கொள்ளும் விலைப் பகிர்வுக் கணக்கை ஒவ்வொரு ஃபேக்டரியும் மாதாமாதம் பலகையில் ஒட்டுவது, இந்த இரண்டையும் மனுவின் முதல் பத்தியிலேயே வையுங்கள். எல்லையில் வரி நின்றாலும் உள்ளே தூள் மோசமாக இருந்தால் வாங்க ஆள் வர மாட்டார்கள்.

கேத்தி பள்ளத்தாக்கு

உருளைக்கிழங்கையும் சேருங்கள் அக்கா. விதைக்கிழங்கு ஆராய்ச்சிக்குப் பணம் என்று ஒரு வரியாவது.

பூம்பாறை

நாங்கள் திண்டுக்கல் மாவட்டம். நீலகிரி ஆட்சியர் வழியாக மட்டும் போனால் எங்கள் கையெழுத்து கணக்கில் வராது. திண்டுக்கல் ஆட்சியருக்கும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள், மன்னவனூர், கூக்கால் பக்கம் கையெழுத்து வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மஞ்சூர் சாலை

நான்கு திருத்தமும் சேர்த்தாயிற்று. 253 வரி எடுத்தாயிற்று. தரமும் பகிர்வும் முதல் பத்தியில் வந்துவிட்டது. விதைக்கிழங்கு மூன்றாவது பத்தியில். புதிய வரைவு இணைப்பில் இருக்கிறது. பழைய கோப்பு ஐயா, ஆசியான் பத்தியில் வரி எண்களை ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள். கூடலூர், பந்தலூர் கையெழுத்துத் தாளை அண்ணன் வைத்திருப்பார். குந்தா, மஞ்சூர் பக்கம் என்னிடம்.